கமாஷுக்கு மூன்று குரல்கள்: தொடரின் நடுவில் வாசிப்பவர் மாறினால் நிறுத்துவதா, தொடர்வதா?

ஒரு தொடரின் பத்து ஒலிப்புத்தகங்களை ஒரே குரலில் கேட்டு முடித்துவிட்டுப் பதினொன்றாவதைத் திறந்தால் வேறு யாரோ பேசுகிறார். போன மாதம் என் சித்தி மகள் போன் செய்து, "அக்கா, நம்ம கமாஷ் செத்துப்போன மாதிரி இருக்கு, இதோட நிறுத்திடவா?" என்று கேட்டாள். லூயீஸ் பென்னி எழுதும் துப்பறியும் நாவல்களின் நாயகன் கமாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் பத்துப் புத்தகங்களை வாசித்த ரால்ஃப் காஷம்தான் 2014 செப்டம்பரில் இறந்துபோனார். அடுத்த எட்டை ராபர்ட் பாதர்ஸ்ட் வாசித்தார். பத்தொன்பதாவதிலிருந்து ழான் ப்ராஸார் வாசிக்கிறார். அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நானும் ஒரு தடவை நிறுத்தினேன், ஏழெட்டு மாதம் அந்தத் தொடர் பக்கமே போகாமல் இருந்தேன், அது தேவையே இல்லாத ஏழெட்டு மாதம்.

தொடரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கனடாவின் சிபிசி வானொலியில் 18 வருடம் வேலை பார்த்த லூயீஸ் பென்னியின் முதல் நாவல் 2005-ல் வந்தது. கியூபெக் மாகாணத்தில், அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில், த்ரீ பைன்ஸ் என்று ஒரு கற்பனைக் கிராமம், அங்கே செல்போன் சிக்னல்கூடக் கிடைக்காது. நடுவில் புல்வெளி, மூன்று பைன் மரங்கள், ஒலிவியேயும் காப்ரியும் நடத்தும் பிஸ்ட்ரோ என்ற சின்ன உணவகம், மிர்னாவின் புத்தகக் கடை, எல்லோரையும் திட்டிக்கொண்டே இருக்கும் வயதான கவிஞர் ரூத், அவர் கையில் எப்போதும் இருக்கும் ரோஸா என்ற வாத்து. அந்தக் கிராமத்தில் ஒரு கொலை நடக்கும், மாகாணப் போலீஸின் கொலை விசாரணைப் பிரிவுத் தலைவர் அர்மான் கமாஷ் வருவார். போகப் போகக் கதைகளில் இருள் கூடிக்கொண்டே போவதால் இதைக் கோசி மிஸ்டரி, அதாவது ரத்தமும் கொடூரமும் அதிகமில்லாத இதமான துப்பறியும் கதை, என்று சொல்ல சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. கொலையாளி யார் என்பதற்காக யாரும் இருபது புத்தகம் கேட்பதில்லை, அந்த பிஸ்ட்ரோவின் கணப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்வதற்காகத்தான் கேட்கிறோம்.

அதனால்தான் குரல் மாறினால் இந்த வகைத் தொடரில் இவ்வளவு வலிக்கிறது. வேகமாக ஓடும் திரில்லர் என்றால் அடுத்து என்ன என்ற பதைப்பிலேயே ஒரு மணி நேரத்தில் புதுக் குரல் பழகிவிடும். கோசி மிஸ்டரியில் பதைப்பு குறைவு, பழக்கம்தான் எல்லாம். ஒலிப்புத்தகத் தொழிலில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 9,300 வார்த்தைகள் என்று கணக்கு வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் இந்த நாவல்கள் ஒவ்வொன்றும் பத்து மணி நேரத்தை ஒட்டியோ தாண்டியோதான் போகும், ஆக காஷமோடு மட்டும் நாம் நூறு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறோம். இரவு பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், காய்ச்சலில் படுத்திருந்தபோது. அத்தனை நேரம் சொந்தக்காரர்களோடுகூட நாம் தொடர்ந்து இருந்ததில்லை. அந்த ஊரே அவர் தொண்டைக்குள் இருந்த மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, இப்போது முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம். பத்தாவதோடு ஒலியை நிறுத்திவிட்டு மீதியை அச்சில் படிக்கலாம். பாதர்ஸ்டோடு தொடரலாம். இல்லை, இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் வேறு பதிப்பு எடுக்கலாம். பிரிட்டனில் தனி உரிமை, தனி ஒலிப்பதிவு என்பதால் ஆரம்பப் புத்தகங்களை அங்கே ஆடம் சிம்ஸ் வாசித்திருக்கிறார். அல்லது நேராகப் புதிய புத்தகங்களுக்குத் தாவி ப்ராஸாரிடமிருந்து தொடங்கலாம். இந்தக் கடைசி வழியை இங்கேயே தள்ளிவிடுகிறேன். இந்தத் தொடரில் மனிதர்களுக்கு வயதாகிறது, கல்யாணம் ஆகிறது, நட்பு உடைகிறது, திரும்பச் சேர்கிறது. பத்தொன்பதாவதிலிருந்து ஆரம்பித்தால் எந்தக் குரலாக இருந்தாலும் அவர்கள் உங்களுக்கு அந்நியர்கள்தான்.

மூன்று பேரையும் பற்றி என் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். காஷம் நடிக்கவே மாட்டார். தாழ்ந்த குரல், அவசரமில்லாத வேகம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை லேசாக மட்டும் சாய்ப்பார், அவ்வளவுதான். முதல் இரண்டு அத்தியாயத்தில் யார் பேசுகிறார்கள் என்று கொஞ்சம் குழம்பும். அப்புறம் குழம்பாது, ஏனென்றால் அவர் குரலை மாற்றாமல் மூச்சை மாற்றுவார், ரூத் பேசும்போது வார்த்தைகள் வெட்டி வெட்டி விழும், கமாஷ் பேசும்போது வாக்கியத்துக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில்தான் கமாஷ் என்ற மனிதர் முழுசாக இருந்தார். எட்டாவது புத்தகம் ஒரு மடாலயத்துக்குள் நடக்கிறது, துறவிகள் பேசாமல் வாழும் இடம், அதை காஷம் குரலில் கேட்டுவிட்டு எனக்கு இரண்டு நாள் யாரோடும் சத்தமாகப் பேசவே தோன்றவில்லை.

பாதர்ஸ்ட் அப்படி இல்லை. இவர் நடிகர், அது காதிலேயே தெரியும். டவுன்டன் ஆபி என்ற பிரிட்டிஷ் டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு ஈடித்தை மணமேடையில் விட்டுவிட்டுப் போன சர் ஆண்டனி என்றால் முகம் ஞாபகம் வரும். வேகம் கூடுதல், பாத்திரங்களுக்கு நடுவே இடைவெளி கூடுதல், ரூத்தின் கோபத்தில் ஒரு கரகரப்பு, கமாஷின் உதவி அதிகாரி ழான்-கி பொவ்வாரின் எரிச்சலில் ஒரு இளமை. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, நம் வீட்டில் யாரோ வந்து சாமான்களை இடம் மாற்றி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் ஒரு பெரிய காரியம் செய்தார், அது எனக்குப் பிறகுதான் புரிந்தது: காஷமைப் போலப் பேச அவர் முயற்சிக்கவே இல்லை. முயற்சித்திருந்தால் நாம் எட்டுப் புத்தகமும் ஒப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருப்போம், ஒவ்வொரு வரியிலும் "அவர் இப்படிச் சொல்ல மாட்டாரே" என்று. தன் வழியில் வாசித்ததால், ஒரு கட்டத்தில் ஒப்பிடுவது தானாக நின்றுபோகிறது. எனக்கு அது இரண்டாவது புத்தகத்தின் நடுவில் நின்றது, போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் நடக்கும் கதை அது. இளைஞர்கள் நிறையப் பேசும் புத்தகம், ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் தேவைப்பட்ட புத்தகம். அதில் காஷமின் மெல்லிய சாய்வு போதுமாக இருந்திருக்குமா என்று எனக்கு உண்மையிலேயே சந்தேகம்.

ப்ராஸாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உச்சரிப்புக்கு வர வேண்டும், ஏனென்றால் இந்த ஒப்பீட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

த்ரீ பைன்ஸ் இரண்டு மொழி ஊர். ஓவியர் க்ளாரா, ரூத், மிர்னா ஆங்கிலக்காரர்கள். ஒலிவியே, காப்ரி, கமாஷ், பொவ்வார் பிரெஞ்சுக்காரர்கள். கமாஷ் ஆங்கிலம் கற்றது கேம்பிரிட்ஜில், அதனால் அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பிரிட்டிஷ் சாயல் உண்டு என்று பென்னியே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே பிரிட்டிஷ் குரல்கள் அவருக்கு வந்தது தவறு இல்லை, கதைக்குள்ளேயே அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் கமாஷும் பொவ்வாரும் தனியாக இருக்கும்போது பேசுவது பிரெஞ்சில். நாவல் அதை ஆங்கிலத்தில் தருகிறது. அப்போது வாசிப்பவர் என்ன செய்வது? நம் ஊர்க் கணக்கில் யோசியுங்கள். மதுரைக்காரர் இருவர் தமிழில் பேசிக்கொள்வதை ஒருவர் ஆங்கில நாவலாக எழுதுகிறார், அதை ஒலியாக வாசிப்பவர் தமிழ் வாடையோடு தடுக்கித் தடுக்கி ஆங்கிலம் பேசிக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்கள் தங்கள் மொழியில் சரளமாக, அழகாக, கிண்டலும் கேலியுமாகத்தான் பேசியிருப்பார்கள். சொந்த மொழியில் யாருக்கும் அந்நிய உச்சரிப்பு கிடையாது. அந்த வகையில் கமாஷுக்கும் பொவ்வாருக்கும் நடுவே நடக்கும் பேச்சை பிரெஞ்சு வாடையைப் பெரிதாகப் பூசாமல் வாசித்த காஷம்தான் நியாயமாக நடந்துகொண்டார் என்று நீண்ட நாள் நினைத்தேன்.

ப்ராஸார் வந்ததும் அந்த நினைப்பு கொஞ்சம் ஆடியது. அவர் பிரெஞ்சுத் தாய்மொழிக்காரர், கியூபெக் நடிகர். ஒரு பேர் சொன்னாலே ஊர் மாறுகிறது. பொவ்வார் என்ற பெயரை, சிமொன் த பொவ்வாரைத் தமிழில் படித்தவர்கள்கூட, இங்கே அச்சில் பார்த்தால் இரண்டு நிமிடம் தடுமாறுவோம். காஷமும் பாதர்ஸ்டும் அதை ஒரு ஆங்கிலேயர் மரியாதையோடு உச்சரிப்பது போல உச்சரித்தார்கள். ப்ராஸார் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறார். ரேன்-மரி என்று கமாஷ் தன் மனைவியை அழைக்கும்போது, அது ஒரு கணவன் முப்பது வருடமாக அழைத்துத் தேய்ந்த பெயராகக் கேட்கிறது. இருபது வருடமாக வெளியூர்க்காரர்கள் சொல்லி வந்த ஒரு கதையை உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்துச் சொல்கிறார், அது சின்ன விஷயம் இல்லை. கியூபெக்கில் மொழி என்பது வெறும் உச்சரிப்பு இல்லை, 1977-ல் பிரெஞ்சை மாகாணத்தின் பொது வாழ்வின் மொழியாக்கச் சட்டமே போட்டார்கள். அந்த உரசல் பென்னியின் கதைகளுக்கு அடியில் எப்போதும் ஓடுகிறது, ப்ராஸார் குரலில் அது வெளியே கேட்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதே வாடை ஆங்கிலக்காரர்களான ரூத்தின் மேலும் மிர்னாவின் மேலும் படிகிறது. மிர்னா மாண்ட்ரியாலில் உளவியலாளர் வேலையை விட்டுவிட்டு இங்கே புத்தகக் கடை வைத்தவர், அவருக்கென்று ஒரு தடித்த, சிரிக்கிற ஆங்கிலம் என் காதில் இருந்தது. அது போய்விட்டது. யார் எந்த மொழிக்காரர் என்று கேட்டவுடனே தெரியும் வசதி பாதர்ஸ்டிடம் இருந்தது, ப்ராஸாரிடம் குறைகிறது. வேகமாக மூன்று பேர் பேசும் இடங்களில் நான் இரண்டு தடவை பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் நம்மில் பலருக்குப் படித்துக் கற்ற மொழி, கேட்டு வளர்ந்த மொழி இல்லை, அதனால் நமக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதல் சிரமம். வேகத்தை 0.9-க்குக் குறைத்து முதல் ஒரு மணி நேரம் கேளுங்கள், அப்புறம் சாதாரண வேகத்துக்கு வந்துவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, துப்பறியும் கதைகளுக்கு மட்டுமே உரியது. வாசிப்பவருக்குக் கொலையாளி யார் என்று தெரியும். புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் மைக் முன்னால் உட்காருவார். தெரிந்ததைக் குரலில் காட்டாமல் ஐம்பது அத்தியாயம் ஓட்ட வேண்டும். காஷம் மாதிரி நடிக்காதவருக்கு இது சுலபம், எல்லோரும் ஒரே அளவு அமைதியாகப் பேசினால் யாரைச் சந்தேகப்படுவது? பாதர்ஸ்ட் ஒவ்வொருவருக்கும் வண்ணம் கொடுக்கிறார், வண்ணம் கொடுக்கும்போது ஒருவருக்குக் கொஞ்சம் கருப்பு கூடிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒரே ஒரு புத்தகத்தில் ஒருவர் முதல் தடவை வாயைத் திறந்ததுமே நான் கண்டுபிடித்துவிட்டேன். எந்தப் புத்தகம் என்று சொல்ல மாட்டேன். மற்ற ஏழிலும் ஏமாந்தேன், அதற்காக அவருக்கு நன்றி.

இதோடு ரிச்சர்ட் ஆஸ்மனின் வியாழக்கிழமைக் கொலை மன்றத் தொடரை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு, நான்கு முதியவர்கள் கொலைகளைத் துப்பறிகிறார்கள். முதல் புத்தகம் 2020, அதையும் அடுத்ததையும் லெஸ்லி மேன்வில் வாசித்தார், 2022-ல் வந்த மூன்றாவதிலிருந்து ஃபியோனா ஷா. இரண்டே புத்தகத்தில் மாற்றம், அதனால் வலி குறைவாக இருக்க வேண்டும். இல்லை. காரணம் ஜாய்ஸ். அந்த நால்வரில் ஜாய்ஸ் மட்டும் நாட்குறிப்பு எழுதுகிறார், நான், எனக்கு என்று. கமாஷ் கதைகளில் வாசிப்பவர் கதைசொல்லி, கமாஷ் வேறு ஆள். ஜாய்ஸின் நாட்குறிப்பில் வாசிப்பவர்தான் ஜாய்ஸ். மேன்வில் குரலில் ஜாய்ஸ் என்பவர் கேக் சுட்டுக்கொண்டே கொலையைப் பற்றிப் பேசும், அடுத்த வீட்டில் இருக்க மாட்டாரா என்று நாம் ஏங்கும் ஒரு அம்மா. ஷா குரலில் அதே ஜாய்ஸ் கொஞ்சம் கூர்மையானவர், என்ன செய்கிறோம் என்று தெரிந்தே வெகுளியாகப் பேசுபவர். இரண்டும் எழுத்தில் இருக்கிறது, இரண்டு பேரும் எதையும் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை. ஆனால் ஒரு ஆளை இன்னொரு ஆளாக மாற்றிவிட்டார்கள் என்ற உணர்வு எனக்குப் போகவே இல்லை. அதேசமயம் முன்னாள் உளவாளி எலிசபெத் ஷாவிடம்தான் முழு உயரத்தில் நிற்கிறார், அவருடைய கணவர் ஸ்டீஃபன் நினைவை இழந்துகொண்டே போகும் பகுதிகளை ஷா வாசிப்பதைக் கேட்டு நான் சாலையோரம் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். ஜாய்ஸ் வேண்டும் என்றால் மேன்வில், எலிசபெத் வேண்டும் என்றால் ஷா.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகளில் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. பிபிசி தொடரில் 1984 முதல் 1992 வரை மார்ப்பிளாக நடித்த ஜோன் ஹிக்சன் சிலவற்றை வாசித்திருக்கிறார், வேறு பலரும் வாசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கதையும் தனியாக நிற்பதால் பிடித்த குரலை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

அச்சுக்கு மாறும் வழியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் போனது அந்த வழியில்தான். பதினொன்றாவதை அச்சில் வாங்கினேன். நூறு மணி நேரப் பழக்கத்தில் காஷம் குரலிலேயே மனசுக்குள் படிக்க முடிந்தது, முதல் எண்பது பக்கம் அற்புதமாக இருந்தது. அப்புறம் புதுப் பாத்திரங்கள் வந்தார்கள், அவர்களுக்குக் குரல் இல்லை. பழையவர்கள் பேசுகிறார்கள், புதியவர்கள் ஊமையாக நிற்கிறார்கள். அங்கேதான் புத்தகத்தை மூடிவைத்தேன், அந்த ஏழெட்டு மாதம் அப்படித்தான் போனது. அச்சில் படிக்க நேரமும் பொறுமையும் இருப்பவர்களுக்கு இது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்கு நடுவில் கேட்பவர்கள் அச்சுக்கு மாறினால் பெரும்பாலும் தொடரையே விட்டுவிடுவோம்.

ஒரே குரலுக்காக வேறு பதிப்பைத் தேடுவது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும் பொருந்தும். காஷமை நூறு மணி நேரம் கேட்டவர் திரும்ப முதலிலிருந்து ஆடம் சிம்ஸ் குரலில் கேட்டால் இழப்பு இரண்டு மடங்காகும். எந்தப் பதிப்பு உங்கள் ஆப்பில் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள், ஐந்து நிமிட மாதிரியை இரண்டிலும் கேளுங்கள், வாங்குவதற்கு முன்னால் வாசிப்பவர் பெயரைப் பாருங்கள், அட்டைப்படத்தை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள். இறந்தவரின் குரலையே கணினியில் உருவாக்கித் தொடரட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். 2023-ல் ஆப்பிள் கணினிக் குரலில் வாசித்த புத்தகங்களைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு அது வேண்டாம். காஷமின் மௌனங்கள் அவர் அந்த வரியைப் புரிந்துகொண்டதால் வந்தவை.

ஆக என் முடிவு: புதிதாகத் தொடங்கினால் காஷமிடம் தொடங்குங்கள், வரிசையாகப் போங்கள். ஒரு நல்ல விஷயம், முதல் புத்தகத்திலிருந்து ஓடிவரும் பெரிய கதைச்சரடு ஒன்பதாவதில் முடிகிறது, பத்தாவது அதற்குப் பிந்தைய அமைதி. அதாவது காஷம் பாதியில் விட்டுப் போகவில்லை, தான் ஆரம்பித்ததை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அங்கே ஒரு மாதம் இடைவெளி விடுங்கள், நடுவில் வேறு ஏதாவது கேளுங்கள். முந்தின இரவு காஷம், அடுத்த நாள் காலை பாதர்ஸ்ட் என்று கேட்டால் பாதர்ஸ்டுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம், அதைத்தான் நான் செய்தேன். பதினொன்றாவது பிடிக்காவிட்டாலும் பன்னிரண்டாவது வரை போங்கள், அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் அச்சுக்கு மாறுங்கள்.

என் சித்தி மகள் இப்போது பதின்மூன்றாவது புத்தகத்தில் இருக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பத்தொன்பதாவதை ஆரம்பிக்கும் முன் இருபதாவதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் வந்ததன் கதை 2025-ல் வந்ததில் நேராகத் தொடர்கிறது, ப்ராஸாரின் குரல் காதில் படிந்து வரும் நேரத்தில்தான் பத்தொன்பதாவது முடியும்.